11 வயதுப் பிள்ளைக்கு கென்ஷின் இம்பாக்ட் கொடுக்கலாமா?

கிளிநொச்சி_அம்மா:
மகன் புலமைப்பரிசில் எழுதி முடித்த சந்தோசத்தில் சுவிஸில் இருக்கும் மாமா நல்ல போன் ஒன்று அனுப்பினார். பெடியன் அதில் கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டை இறக்கிவிட்டான். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரிந்துபோன உடன்பிறப்பைத் தேடி ஏழு நாடுகளில் அலையும் கதை, மலையிலிருந்து சிறகு விரித்துப் பறக்கலாம், இசையும் வடிவு. வாள், வில், மந்திரம் எல்லாம் உண்டு, ஆனால் இரத்தம் இல்லை, அடிபட்ட அரக்கன் அப்படியே மறைந்துபோகிறான். தடுக்க ஒரு காரணமும் பிடிபடவில்லை, விடவும் முழு மனது வரவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

மாங்குளத்தான்:
விடுங்கோ அக்கா. விளையாட்டுகளுக்கு வயதுக் குறி போடும் ஐரோப்பாவின் பெகி இதற்கு 12 என்று போட்டிருக்கிறது, அமெரிக்காவில் 13. அந்த 13 கூட கற்பனைச் சண்டைக்கும் மதுவைப் பற்றிய பேச்சுக்கும்தான், காற்றுத் தெய்வம் பாணன் வேடத்தில் திரிந்து வைன் கேட்பார். நாங்கள் கோயில் வீதியில் பாய் விரித்து விடிய விடிய காத்தவராயன் கூத்துப் பார்த்த பிள்ளைகள். கழுவேற்றும் இடம் வந்ததும் நித்திரையாய்க் கிடந்த எங்களைத் தட்டி எழுப்பிக் காட்டினார்கள். அதைப் பார்த்து ஒருவரும் கெட்டுப்போகவில்லை. வாள் கண்டதும் பயப்படத் தேவையில்லை.

நெடுங்கேணி_வாத்தியார்:
தம்பி, கூத்து விடிந்ததும் முடிந்துவிடும், இது முடியாது. ஒவ்வொரு நாளும் 4 வேலை கொடுக்கும், செய்யாவிட்டால் அன்றைய பரிசு போய்விடும். ஆனால் நான் பயப்படுவது வாளுக்கும் இல்லை, நேரத்துக்கும் இல்லை. புதிய ஆட்களைப் பெற அதில் ஒரு குலுக்கல் இருக்கிறது. ஒரு தடவைக்கு 160 கல், கல் என்பது விளையாட்டுக்குள் காசு மாதிரி. மிக அரிதான ஐந்து நட்சத்திர ஆள் விழும் வாய்ப்பு 0.6 வீதம். 90 தடவைக்குள் ஒன்று கட்டாயம் வரும், அதற்கு 14,400 கல் வேண்டும், அப்படி வந்தாலும் பிள்ளை ஆசைப்பட்ட ஆள்தான் வருவார் என்றில்லை. கல் தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கலாம்.

என் பேரன் விளையாடியது வேறொரு விளையாட்டு, பெயர் வேண்டாம். குலுக்கல் வெளிச்சம் வரும்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கால் நிறத்தைப் பார்ப்பான். அரிய ஆளைக் காட்டும் பொன்னிறம் இல்லையென்றால் அன்று இரவு சோறு இறங்காது. மகளின் அட்டையில் எவ்வளவு போனது என்று மாதக் கடைசியில்தான் தெரிந்தது. லொத்தர் சீட்டு வாங்கி வா என்று 11 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவீர்களா?

மாங்குளத்தான்:
காசு விசயம் சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விளையாட்டையே தடுக்க வேண்டியதில்லை. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம், அட்டையையே இணைக்காமல் விடலாம். ஒரு சதமும் கட்டாமல் முழுக் கதையையும் விளையாடுகிறவர்கள் ஏராளம்.

நெடுங்கேணி_வாத்தியார்:
காசு போகாது, பழக்கம் போகுமா? இலவசக் கல்லைச் சேர்த்துக் குலுக்கினாலும் அந்தப் படபடப்பு அதேதான். 2025 ஜனவரியில் இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 2 கோடி டொலர் கட்ட ஒத்துக்கொண்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தக் குலுக்கலை விற்க முடியாது என்பதும் அந்த உடன்பாட்டில் உண்டு. அங்கே 16 என்று கோடு கிழிக்கும்போது நாங்கள் 11 இல் கொடுக்கலாமா?

முள்ளியவளை_அக்கா:
நீங்கள் இருவரும் காசிலேயே நிற்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா விறாந்தையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. உள்ளே மகன் விளையாடுகிறான், ஏதோ ஒரு பாத்திரம் குண்டு எறிந்து வெடித்தது. அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தா. 2009 முடிந்து எத்தனை வருசம். மகனுக்கு அது பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வயதுக் குறி போடுகிறவர்கள் விளையாடும் பிள்ளையை நினைத்துத்தான் போடுகிறார்கள், அதே வீட்டில் இருக்கும் அம்மம்மாவை நினைத்துப் போடுவதில்லை.

மாங்குளத்தான்:
இதை நான் யோசிக்கவில்லை அக்கா. ஹெட்போன் போட்டு விளையாடச் சொல்லலாமே?

முள்ளியவளை_அக்கா:
சொன்னேன், போட்டான். இப்போது அம்மாவுக்குக் கேட்பதில்லை, அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கும் தெரிவதில்லை. பிறகு அவனைப் பக்கத்தில் இருத்தி அம்மம்மா ஏன் கூரையைப் பார்த்தா என்று சொன்னேன். அன்றிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தை அவனே குறைத்து வைக்கிறான். நான் விளையாட்டை நிறுத்தவில்லை. வாத்தியார் ஐயாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

நெடுங்கேணி_வாத்தியார்:
பிடிக்கவில்லை என்றில்லை பிள்ளை, உங்கள் மகன் விளங்கிக்கொண்டான். எல்லா வீட்டிலும் இருத்திச் சொல்ல ஆள் இல்லை. நான் 13 வரை பொறுங்கோ என்றுதான் சொல்வேன்.

கிளிநொச்சி_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அட்டையைக் கழற்றிவிட்டேன். விளையாட்டில் 16 ஆம் நிலைக்குப் பிறகு வேறு ஆட்களும் சேர்ந்து விளையாட வரலாமாம், அதை மறுக்கும்படி அமைப்பில் மாற்றச் சொன்னேன். நேற்று ஐயா சொன்ன 0.6 வீதத்தை அவனையே கணக்குப் போடச் சொன்னேன். ஆயிரத்துக்கு ஆறு என்று எழுதிவிட்டு, "அப்ப மற்ற 994 தடவையும் என்னம்மா வரும்?" என்று கேட்டான். குலுக்குவதென்றால் ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஒரு மாதம் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன், ஐயா.