மேற்பதிவு சரி, கூடவே விழுந்ததற்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் இசைச்சொல் அகராதிக்கு ‘ஓவர்டப்’ என்பதற்கு ‘மேற்பதிவு’ என்று ஒருவழியாக முடிவானதில் மகிழ்ச்சி. முன்பே பதிவானதன் மேல் பிறகு பதிவது. சொல்லைப் பார்த்தாலே வேலை விளங்குகிறது. ஆனால் அதன்பின் வந்த மடல்களில் ஒரு குழப்பம் புகுந்துவிட்டது. ராக் மேடைப்பதிவுகளில், அதாவது கச்சேரியிலேயே பதிந்த தட்டுகளில், ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு தேடிப் பிடிக்கிறார்களே, அந்தச் சின்னச் சின்னச் சத்தங்களுக்கு ‘மறைபொருள்’ என்று ஒருவரும் ‘ஒளிவொலி’ என்று இன்னொருவரும் முன்வைத்திருக்கிறீர்கள். ஒளித்துவைத்த வேடிக்கையை ஆங்கிலத்தில் ‘ஈஸ்டர் எக்’ என்பதால் ‘ஈஸ்டர் முட்டை’ என்று அப்படியே பெயர்த்த நண்பரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இந்த இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒளிந்திருக்கிறது என்றால் ஒளித்துவைத்தவர் ஒருவர் வேண்டும். இங்கே அப்படி யாரும் இல்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் 1969 நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தது பெரும்பாலும் ‘கெட் யெர் யா-யாஸ் அவுட்’ தட்டில் இருக்கிறது, 1970-ல் வெளிவந்தது. ‘சிம்பதி ஃபார் த டெவில்’ தொடங்குவதற்குச் சற்று முன் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ‘பெயிண்ட் இட் பிளாக்’ பாடச் சொல்லிக் கத்துகிறார். பாடகர் மிக் ஜாகரைப் பிசாசே என்று அழைத்து வேறு கேட்கிறார். அவர் கேட்ட பாட்டு கிடைக்கவில்லை. பிசாசைப் பற்றிய பாட்டுதான் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தட்டைக் கேட்கும் ஒவ்வொருவரும் அந்தக் குரலைக் கேட்கிறார்கள். அதை அவரும் ஒளித்துவைக்கவில்லை, இசைக்குழுவும் ஒளித்துவைக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது, அவர் கத்தினார், விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதே தட்டில் மிக் ஜாகர் தன் கால்சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று கூட்டத்திடம் சொல்வதும் இருக்கிறது. சில பாடல்களில் அவருடைய குரல் பிறகு ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்தது. அதாவது பாட்டு மேற்பதிவாக இருக்கலாம், பொத்தான் அறுந்த செய்தி மட்டும் அன்றைய இரவுடையது! இப்படி ஒரே தட்டில் இரண்டும் அக்கம்பக்கமாக இருப்பதால்தான் மேற்பதிவுக்கு எதிர்ப்புறம் நிற்க ஒரு சொல் வேண்டும் என்கிறேன். என் பரிந்துரை: உடன்பதிவு.

உடன்பிறப்பு, உடன்போக்கு என்று நமக்குப் பழகிய வாய்பாடுதான். பாட்டோடு கூடவே பதிந்தது உடன்பதிவு. வினையாகவும் வளையும்: ‘இந்தக் கூச்சல் உடன்பதிந்தது, அந்தக் கிட்டார் மேற்பதிந்தது’ என்று சிரமமில்லாமல் சொல்லிவிடலாம். முதலில் ‘ஒட்டொலி’ என்றுதான் யோசித்தேன். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் ஒட்டு என்றதும் யாரோ பசை தடவி ஒட்டியது போல ஆகிவிடுகிறது. நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ஆகவே கைவிட்டேன்.

‘உடன்’ என்றால் உடனடி என்று படிப்பார்களே என்று ஒரு நண்பர் தனி மடலில் கேட்டார். நியாயமான ஐயம். ஆனால் உடன்பிறந்தவர் என்றால் உடனடியாகப் பிறந்தவர் என்று யாரும் படிப்பதில்லை. இரண்டு மூன்று இடங்களில் புழங்கினால் இதுவும் பழகிவிடும்.

வரையறைக்கு வருகிறேன். ‘தட்டுக்காக நிகழாமல், நாடா ஓடிக்கொண்டிருந்ததால் மட்டுமே தங்கிவிட்ட ஒலி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட்டத்தின் ஒலி என்று சுருக்காததற்குக் காரணம் உண்டு. டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தது ‘மேட் இன் ஜப்பான்’. அதில் பாடகர் இயன் கில்லன் ஒலிப்பொறியாளரிடம், எல்லாவற்றையும்விட எல்லாமே சத்தமாக இருக்க முடியுமா என்று கேட்கிறார். மேடையில் ஒருவர் மைக்கிலேயே பேசியதுதான், ஆனால் தட்டு வாங்கப்போகிறவர்களுக்காகப் பேசியதில்லை. அந்தச் சொற்றொடரைச் சற்றே மாற்றி மோட்டர்ஹெட் குழுவினர் 1999-ல் தங்கள் மேடைப்பதிவு ஒன்றுக்குத் தலைப்பாகவே வைத்தார்கள். ஓர் உடன்பதிவு இன்னொரு தட்டின் முகப்புக்கே போய்விட்டது. இதைக் கூட்டவொலி என்ற பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

மனிதர் வாயிலிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை. த ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் வாசித்ததன் நாடாவில் சடசடவென்று சத்தங்கள் விழுந்திருந்தன. ‘லைவ் அட் லீட்ஸ்’ தட்டு அச்சானபோது நடுவில் ஒட்டும் தாளிலேயே கையெழுத்தில் எழுதிவிட்டார்கள்: சடசடப்பு இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று. எனக்கு மிகவும் பிடித்த உடன்பதிவு இதுதான். உறையும் அனுமதியில்லாமல் அச்சடித்து விற்கும் திருட்டுத்தட்டு போலப் பழுப்பாக, முத்திரை குத்தியதாக இருக்கும். அது வேண்டுமென்றே செய்த வேடிக்கை, ஆகவே உறைக்கு வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள். சடசடப்பு தானாக வந்தது. அதே தட்டில் பின்னணிக் குரல்களில் கொஞ்சம் மேற்பதிவும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது பிடித்துக்கொள்வீர்கள்.

இடையில் ஒரு சிறு சண்டை. சிலர் இன்னமும் ‘நேரலைத் தொகுப்பு’ என்று எழுதுகிறீர்கள். நேரலை என்பது நடக்கும்போதே அலையில் ஏறி வருவது. 1972-ல் வாசித்ததை இன்று சாவகாசமாகக் கேட்பதில் நேரும் இல்லை, அலையும் இல்லை. மேடைப்பதிவு என்றே வைத்துக்கொள்வோமே.

சரி, சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். ராக் அல்லதான், ஆனாலும் இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன் பாடினார். ஒருவனைச் சும்மா சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்று வரும் வரியை அடுத்து ஒரு கைதி உற்சாகமாகக் கூவுவது தட்டில் கேட்கும். கேட்டவுடன் மயிர்க்கூச்செறியும். பல ஆண்டுகள் நானும் அதை உண்மை என்றே நம்பிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூவல் பிறகு சேர்க்கப்பட்டது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு வரிக்குக் கூவக் கைதிகளுக்குத் துணிவு இல்லை. ஆக இது உடன்பதிவு வேடமிட்டு வந்த வேறொன்று.

இதை மேற்பதிவு என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பாக வாசித்த கிட்டாரைத் திருத்துவது வேறு, இல்லாத கூட்டத்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது வேறு. நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் பிற்காலத்தவர் பாடிச் செருகியவற்றைப் பிரித்து மிகைப்பாடல்கள் என்று தனியே அச்சிட்டார்களே, அவர்கள் ஏட்டில் செய்த வேலையைத்தான் நம் ரசிகர்கள் காதால் செய்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டோன்ஸின் 1966 மேடைத்தட்டில் இரண்டு பாட்டுகள் ஸ்டுடியோவில் பதிந்தவை, மேலே கூச்சல் மட்டும் தூவியது. இடைச்செருகல் என்று சொன்னால் ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும்.

‘மறுபதிவு’ என்பதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பீட்டில்ஸ் 1965 ஆகஸ்டில் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன் பாடியதைப் படமாக்கியபோது ஒலி போதவில்லை. அடுத்த ஜனவரியில் லண்டன் ஸ்டுடியோவில் நால்வரும் அமர்ந்து பல பாட்டுகளைத் திரும்ப வாசித்துக் கொடுத்தார்கள். இதைத் தமிழில் ‘ரீரெக்கார்டிங்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் சினிமாப் பழக்கத்தில் அது பின்னணி இசை சேர்ப்பதைக் குறிக்கும். படிப்பவர் ஷே ஸ்டேடியத்துக்கு யாரோ வயலின் வாசித்ததாக நினைத்துக்கொள்வார்.

எது எவ்வளவு என்பதில் அடிதடி நடப்பதும் உண்டு. தின் லிஸ்ஸியின் 1978 ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ தட்டில் முக்கால் பங்கு மேற்பதிவு என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. குழுவினர் ஒப்புக்கொள்ளவே இல்லை. சொல் தெளிவாக இருந்தால் குறைந்தபட்சம் எதைப் பற்றிச் சண்டை என்றாவது தெரியும். இரண்டு இரவுகளை வெட்டிச் சேர்ப்பதற்கு ‘ஒட்டு’ போதும். லெட் செப்பலின் 1972 லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் கச்சேரிகளைக் கலந்து 2003-ல் வந்த தொகுப்பு அப்படிப்பட்டதே.

குழுவின் வெளியீடாக இல்லாமல் உலவும் ‘பூட்லெக்’ பதிவுகள் விஷயத்தில் ‘திருட்டுப்பதிவு’ என்று ஒட்டுமொத்தமாக முத்திரை குத்துவதை நான் எதிர்க்கிறேன். கிரேட்ஃபுல் டெட் குழு 1984-ல் ஒலிப்பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அங்கே திருட்டு எங்கிருந்து வந்தது? அவை ‘ரசிகர் பதிவு’. அனுமதியில்லாமல் விற்பனைக்கு அச்சடித்தால் திருட்டுத்தட்டு. பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் வாசித்ததைத் திருட்டுத்தட்டுக்காரர்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறாகப் பெயரிட்டுப் பரப்பினார்கள். 1998-ல் முறைப்படி வெளியிட்டபோது அந்தத் தவற்றையே மேற்கோள் குறிக்குள் போட்டு வைத்துக்கொண்டார்கள். மின்கிட்டாரை எடுத்துக்கொண்டதற்காக ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்று ஏசுவது அதில்தான். உடன்பதிவுகளின் அரசன் அது. கத்தியது நான்தான் என்று பிற்காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கோரினார்கள் என்றால் பாருங்கள்.

கடைசியாக, என் வரையறையை நானே உடைத்துக்கொண்ட இடம். ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த தட்டை ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள். ‘யூ டோன்ட் லவ் மீ’ நடுவே குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் தனியாக வாசித்து நிறுத்தும் அமைதியில், இரவு முழுக்க வாசிக்கச் சொல்லி ஒருவர் கத்துவார். அந்தக் குரலுக்காகவே ஒலியைக் கூட்டிவைத்துக் காத்திருப்பேன். அது உடன்பதிவு, சிக்கல் இல்லை. ஆனால் கடைசிப் பாட்டான ‘விப்பிங் போஸ்ட்’ முடிந்து கைதட்டல் எழும்போது, அடுத்த உருப்படியின் தொடக்கச் சுரங்கள் காதில் விழும். தொடங்கிய மாத்திரத்தில் தட்டு மெல்ல மங்கி முடிந்துவிடும். கேட்டவர்கள் தவித்திருப்பார்கள். டுவேன் அந்த அக்டோபரில் விபத்தில் இறந்தார். 1972-ல் வந்த ‘ஈட் எ பீச்’ தொகுப்பில் அதே இடத்திலிருந்து ‘மவுண்டன் ஜாம்’ தொடங்கி அரைமணி நேரத்துக்கு மேல் ஓடியது.

அந்தச் சில சுரங்கள் முதல் தட்டில் தவறி விழுந்தவை, இரண்டாம் தட்டில் பாட்டே அவைதான். ஒலி ஒன்றே, பெயர் மட்டும் தட்டுக்குத் தட்டு மாறுகிறது. ஆகவே என் வரையறையில் ‘தட்டுக்காக’ என்று இருப்பதை ‘அந்தத் தட்டுக்காக’ என்று திருத்தியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அகராதிப் பக்கத்தில் ஏற்றுவதை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.