நிலக்கடலைக்கு நஞ்சற்ற பூஞ்சை: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னை அம்பத்தூரில் சிறிய மரச்செக்கு நடத்துகிறேன். திண்டிவனம் அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் உண்டு. சென்ற பருவத்தில் காய் முற்றும்போது வறட்சியும் அறுவடையின்போது மழையும் வந்ததால், மல்லாட்டையில் (எங்கள் ஊரில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) பச்சைப் பூஞ்சை படிந்தது. பரிசோதனையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்ததால், எல்லா மூட்டைகளையும் ஒதுக்கிவிட்டேன். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இந்த நஞ்சு வறுத்தாலும் முழுமையாக அழியாது. பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் சேரும் என்பதால் விற்க மனம் வரவில்லை.

இந்த நஞ்சைச் சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையிலேயே நஞ்சு சுரக்காத வகைகளும் உண்டு. அவற்றின் வித்துகளை முளைக்காதபடி செய்த சோளம் போன்ற தானியத்தில் ஏற்றி, பயிர் நிற்கும்போதே வயலில் தூவினால், அவை முந்திப் பரவி, இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, நஞ்சு சுரக்கும் வகைகளைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. அமெரிக்காவில் நிலக்கடலையிலும், கலிபோர்னியாவின் பிஸ்தா தோப்புகளிலும், நைஜீரியாவில் 'அஃப்லாசேஃப்' என்ற பெயரிலும் இம்முறை பயன்படுகிறது. நம் மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த வகைதான் நமக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அத்தகைய வகையை முறையான அனுமதியுடன் வயலில் சோதிக்கும் ஆய்வாளர்கள் யாரையேனும் அறிவீர்களா? எங்கள் நிலத்தில் ஓர் ஏக்கரைச் சோதனைக்குத் தரத் தயாராக இருக்கிறேன். மேலும், டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்துடன் இட்டு நிலக்கடலை பயிரிட்டவர்கள், அறுவடைக்குப் பின் நஞ்சின் அளவைப் பரிசோதித்திருந்தால், அந்த முடிவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சென்னையில் சிறிய அளவு மாதிரிகளையும் ஏற்றுப் பரிசோதிக்கும் ஆய்வகம் தெரிந்தாலும் சொல்லுங்கள். வரும் ஆடிப்பட்ட விதைப்புக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.