கரண்ட் வைத்து நரம்பைப் பார்த்த கதை

மதுரையிலிருந்து ஒரு தையல்காரி:

இருபது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த கை. போன ஐப்பசியிலிருந்து வலது கை நடுராத்திரியில் மரத்துப்போய் என்னை எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதுமே டாக்டர் மணிக்கட்டைத் தொட்டு, "இங்கேதான் நரம்பு நெரிபடுது. எதுக்கும் கரண்ட் வெச்சுப் பார்த்துடுவோம்" என்றார். கரண்ட் என்ற வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டெஸ்ட் எடுக்கும் தம்பி என் கையைத் தொட்டதும், "எண்ணெய் தடவினீங்களாக்கா?" என்றார். காலையில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தேன், பழக்கம். ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தார். அப்புறம் தோலின் சூட்டைப் பார்த்தார்: 28 டிகிரி. வெளியே ஏசிக்கு நேர் கீழே ஒரு மணி நேரம் உட்கார வைத்ததன் பலன். கை சில்லிட்டிருந்தால் நல்ல நரம்பும் மெதுவாக ஓடுவதுபோலக் காட்டுமாம். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். வெந்நீர்ப் பையைக் கொடுத்து 32 டிகிரிக்கு ஏறும்வரை காத்திருந்தார். அவர் அவசரப்பட்டிருந்தால் என் ரிப்போர்ட்டை நம்பியிருக்க முடியுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஷாக் எப்படி இருந்தது என்றால், ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டினாற்போல். சின்னதாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனார். நான் ஆட்டாமலே என் கட்டைவிரல் துள்ளியது. பார்க்கச் சிரிப்பாக வந்தது. மணிக்கட்டில் கொடுத்த ஷாக்குக்குக் கட்டைவிரல் தசை சுமார் 4.4 மில்லிசெகண்டுக்குள் துடிக்க வேண்டும். எனக்கு 5.8. முன்கையில் வேகம் நொடிக்கு 54 மீட்டர். 50க்கு மேல் இருந்தாலே நல்லது. ஆக, வழியெல்லாம் சரி, மணிக்கட்டில்தான் நெருக்கடி.

அடுத்தது ஊசி. கட்டைவிரல் மேட்டில் மெல்லிய ஊசியைக் குத்தினார். இதில் கரண்ட் கிடையாது, தசையின் சத்தத்தைக் கேட்பதுதான். கையைத் தளர்த்தினால் ஸ்பீக்கர் அமைதியானது. விரலைத் தூக்கினால் தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம். நானே போடும் சத்தம்! வலித்தது உண்மைதான், ஆனால் அந்தச் சத்தத்தில் வலியைக் கொஞ்சம் மறந்துவிட்டேன்.

தஞ்சாவூர்க்காரர்:

என் தம்பி டைல்ஸ் ஒட்டுபவன். நாள் முழுக்கக் குத்தவைத்தே வேலை பார்த்ததில் ஒருநாள் சாயங்காலம் பாதம் தொங்கிவிட்டது, செருப்பு கழன்று கழன்று விழுந்தது. ஐந்தாம் நாளே ஓர் இடத்தில் டெஸ்ட் எடுத்தோம். ஊசிக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு "தசையில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி நிம்மதியாகக் கிளம்பினோம்.

வேறு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நரம்பிழை அறுந்திருந்தால் ஊசியில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் நரம்பு அழுந்திய இடம் மட்டும் ஷாக்கில் அப்போதே தெரிந்திருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி ஊசி. நல்லவேளை, காலைத் தளர்த்தியபோது தசை அமைதியாகவே இருந்தது, அதாவது நரம்பிழை அறுந்த அடையாளம் இல்லை. இப்போது பாதத்தைப் பாதி தூக்குகிறான்.

சர்க்கரைக்காரர் ஒருவரின் மகள்:

அப்பாவுக்கு ராத்திரியானால் உள்ளங்கால் எரியும். டெஸ்ட் நார்மல். "வயசாயிட்டா இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பிறகுதான் டாக்டர் விளக்கினார்: இந்த டெஸ்ட் தடித்த நரம்புகளைத்தான் பார்க்கும், சூட்டையும் எரிச்சலையும் சுமக்கும் மெல்லிய இழைகள் இதில் சிக்காது. அப்பா சிரித்தபடி, "என் கால் எரியுதுன்னு எனக்கு மெஷின் சொல்லணுமா?" என்றார். ஒன்று மட்டும்: இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீண்டும் தையல்காரி:

ஊசி குத்திய இடம் மறுநாள் வலிக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீலம் பூத்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு ப்ளவுஸ் முடித்தேன். இப்போது ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிப் படுக்கிறேன். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை கையில் எண்ணெய் வைக்க மாட்டேன்.