மூன்று குறுநாடகம், ஒரு கூத்து, 25 ஓவியர்கள்: ஒரே மாலையில் அடங்குமா?

பந்தக்கால்:
சென்னை. பள்ளி மைதானம். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, மாலை 4 முதல் 10 வரை. எங்கள் பகுதிக்காரர்களே எழுதிய மூன்று நாடகங்கள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். தொடக்கத்தில் பறை, கடைசியில் தெருக்கூத்து. ஓரமாக 25 ஓவியர்கள், ஆளுக்கு இரண்டு படம். டிக்கெட் கிடையாது. எங்கே சறுக்கும்?

தெற்குமேடை:
நேரத்தில்தான். ஒலிபெருக்கிக்குப் போலீஸில் எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் போடவே கூடாது. அதனால் 9:45-க்குள் முடியணும். அந்தச் சமயத்தில் சூரியன் மறைய 6:15 ஆகும். 6:30-க்கு முன் மேடை விளக்கு எடுபடாது. மிச்சம் 195 நிமிடம். மூன்று நாடகம் 90. காகிதத்தில் 10 நிமிடம் என்று எழுதும் மேடை மாற்றம் நிஜத்தில் 20 ஆகும், மூன்று தடவைக்கு அது ஒரு 60. கூத்துக்கு 45-தான் நிற்கும். பொன்னாடையும் நினைவுப்பரிசும் அதையும் தின்றுவிடும்.

மூன்று குழுவுக்கும் பொதுவாக நாலு மரப்பெட்டி, ஒரு பெஞ்ச், இரண்டு நாற்காலி. அதற்கு மேல் செட் வேண்டாம். கூத்தை 5 மணிக்கே தரையில் ஆடவிடுங்கள், கூட்டமும் சேரும்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டச் சொல்லிப் போலீஸ் கேட்டால்: அதற்கு இடம் தந்த 1954 நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்தாயிற்று.

அரிதாரம்:
கூத்து 5 மணிக்கா? வெயிலில் அரிதாரம் வேர்த்து வழியும், கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் மின்னாது. விளக்கு தேவைப்படாத நாடகம் ஒன்றை 5:15-க்குத் தள்ளுங்கள். கூத்துக்கு 8:15 முதல் 9:30 கிடைக்கும். விடிய விடிய ஆடுகிற கலை அது. "சுருக்கி ஆடுங்க" என்று மேடையேறும்போது சொன்னால் நடுவில்தான் அறுபடும். கூத்து வாத்தியாரிடம் (குழுத் தலைவரிடம்) முன்பே பேசி, கதையை அறிவித்துச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் வருகை, திரைக்குப் பின்னிருந்து பாத்திரம் அறிமுகமாகும் ஒரு திரைப் பிரவேசம், இரு பாத்திரங்கள் வாதாடும் ஒரு தர்க்கம் என்று கேளுங்கள். வேஷம் கட்ட இரண்டு மணி நேரமாவது ஆகும். பூட்டக்கூடிய வகுப்பறை, நல்ல வெளிச்சம், தண்ணீர், முகம் துடைக்கத் தேங்காயெண்ணெய் தேவை.

ஒலிப்பெட்டி:
நாடகத்துக்கு மேடை விளிம்பில் மூன்று தரை மைக் போதும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கணும். பின்னால் வைத்தால் கூவும். சவுண்ட் சர்வீஸ்காரர் பழக்கத்தில் எக்கோவைத் திறந்துவிடுவார், அதை மூடினால்தான் வசனம் புரியும். கூத்தில் ஆர்மோனியத்துக்கு மைக் கொடுங்கள், முகவீணைக்கு (சின்ன நாயனம் மாதிரி ஊதுகருவி) வேண்டாம், அது தானே காதைத் துளைக்கும். விளக்கும் ஒலியும் ஒரே ஃபேஸில் (ஒரே மின் இணைப்பில்) இருந்தால் 'கொர்ர்' என்று இரையும், தனித்தனி லைன் இழுக்கணும்.

பறைக்கு மைக்கே வேண்டாம், நெருப்புதான் வேண்டும். ஈரக்காற்றில் தோல் தொய்ந்தால் அடி 'தொப்'பென்று விழும். காய்ந்த வைக்கோல் இரண்டு கட்டு, பக்கத்தில் மணல் வாளி. துணிப்பந்தலை விட்டுத் தள்ளியே மூட்டுங்கள்.

கோட்டுச்சித்திரம்:
50 படம், ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம், 30 இடைவெளி என்றால் 45 மீட்டர் நீளம் வேண்டும். பள்ளிச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். சவுக்குக் கம்பு நட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கயிறு கட்டுங்கள். கீழ்க்கயிறு இல்லாவிட்டால் கடற்காற்றில் படம் திரும்பிக்கொள்ளும். படத்தின் நடு, தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில். கண்ணாடிச் சட்டம் மேற்கு பார்க்க வேண்டாம், 6 மணி வரை எதிர்வெயிலில் ஒன்றும் தெரியாது. மஞ்சள் ஃபோகஸ் விளக்கு நீலத்தைக் கொன்றுவிடும், வெள்ளை எல்இடி போடுங்கள். படத்தின் சீட்டில் பெயர், ஊடகம் (எந்த வண்ணம், எதன் மேல்), விலை, ஓவியரின் சொந்த க்யூஆர். விழாக் கணக்கு வழியாகப் பணம் போனால் பிறகு பிரித்துக்கொடுக்க மாதக்கணக்கில் இழுக்கும்.