கிராம் பார்சன்ஸின் பாட்டும் அவருடைய வாழ்வும்

தென்னங்காற்று எழுதியது:

அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால், 1973 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் பாலைவனத்து ஊரான ஜோஷுவா ட்ரீயில் ஒரு விடுதி அறையில் மதுவும் மார்ஃபினும் அவரை 26 வயதில் கொன்றதையும், விமான நிலையத்திலிருந்து நண்பர்கள் சடலத்தைக் கடத்திப் பாலைவனத்தில் எரிக்க முயன்றதையும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. அவருடைய துயரம் அதற்கு வெகுமுன்பே தொடங்கியது. அவருக்கு 12 வயதானபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். 1965இல், பள்ளிப்படிப்பு முடிந்த அதே நாளில், குடியால் ஈரல் கெட்டுத் தாயும் இறந்தார். ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களால் செல்வம் சேர்த்த குடும்பம் அது; பணத்துக்குக் குறைவில்லை, வீடுதான் இல்லாமற்போயிற்று. இழந்த வீட்டையும் குடியையும் சாவையும் பாடிவந்த, அமெரிக்கத் தென்பகுதியின் நாட்டுப்புற மரபில் பிறந்த கன்ட்ரி இசையில் அந்தப் பிள்ளை தன்னைக் கண்டுகொண்டதால்தான் ராக் உலகம் முழுவதையும் அந்தப் பக்கம் திருப்ப முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மூங்கில் எழுதியது:

தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 1968 மார்ச்சில், கிராம் அப்போது இருந்த பேர்ட்ஸ் என்ற ராக் குழு, கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற அரங்கான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரியில் மேடையேறியபோது, அறிவித்திருந்த கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டின் பாடலை விட்டுவிட்டுக் கிராம் பாடிய 'ஹிக்கரி விண்ட்' பாடலையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாடல் ஏங்குவது தென் கரோலினாவின் பைன் மரங்களுக்காக. அவர் வளர்ந்ததோ ஜார்ஜியாவில். தன் கதையை அப்படியே ஒப்பித்திருந்தால் தென் கரோலினாவின் பெயர் அதில் வந்திராது. எந்த இடத்தில் சுருதியை இழுக்க வேண்டும், எந்தச் சொல்லில் மூச்சை விட வேண்டும் என்று பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றவரின் வேலை அது.

மேலும், பேர்ட்ஸ் குழுவில் அவரோடு நின்ற கிறிஸ் ஹில்மனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிறுவயதிலேயே, கன்ட்ரி இசையின் ஒரு வகையான புளூகிராஸ் குழுக்களில் மாண்டலின் வாசித்தவர் ஹில்மன். இருவரும் சேர்ந்து தொடங்கிய ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் பெரும்பாலான புதிய பாடல்கள் அவர்கள் சேர்ந்து எழுதியவை. அடுத்த ஆண்டே, குடியும் போதையும் மேடையைக் கெடுத்ததால், அதே ஹில்மன்தான் கிராமைக் குழுவிலிருந்து நீக்கினார். பாட்டின் ஊற்றாகத் தாங்கள் காணும் துயர வாழ்க்கை அங்கே பாட்டை வற்றச்செய்தது.

கரிசல்மண் எழுதியது:

அமெரிக்க ராக் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸையும் நினைத்துப் பார்க்கலாம். 13 வயது உறவுப்பெண்ணை மணந்த செய்தி 1958இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது வெடித்து, அவருடைய ராக் வாழ்வு சரிந்தது. 10 ஆண்டுகள் கழித்துக் கன்ட்ரி பாடல்களால் மீண்டார். துயரம் அவரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. மற்ற கதவுகள் மூடியிருந்தன.

தென்னங்காற்று எழுதியது:

மூங்கில் அவர்களே, குடி அவருடைய உழைப்பைக் கெடுத்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பாடகி எமிலூ ஹாரிஸோடு அவர் பாடிய இணைப்பாடல்களைக் கேளுங்கள். எல்விஸின் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் உள்ளிட்ட தேர்ந்த வாத்தியக்காரர்கள் பின்னணியில் இருக்க, கிராமின் குரல் சில இடங்களில் உடைந்து சுருதியை விட்டு நழுவுகிறது. அந்த நழுவலைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது. கன்ட்ரி இசையைப் பெரிதாக அறியாத நான் முதன்முதலில் நின்று கேட்டது அந்த இடத்தைத்தான்.

மூங்கில் எழுதியது:

அந்த உடைந்த குரல் விழும்போதெல்லாம் தாங்கிப் பிடிப்பது எமிலூவின் குரல் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாஷிங்டன் பக்கம் சிறு அரங்குகளில் நாட்டார் பாடல்கள் பாடிவந்த அவரைக் கிராமுக்குச் சொல்லி அனுப்பியவரும் ஹில்மன்தான். கன்ட்ரி இசையைக் கிராமிடம் கற்ற எமிலூ, அவர் இறந்தபின் 1975 முதல் இசைத்தட்டு இசைத்தட்டாக அதைப் பாடி, 2008இல் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். கிராம் சொல்லிக்கொடுத்ததை அவர் ஊர் ஊராகப் பாடிக் காத்த அந்த ஆண்டுகளைப் பற்றியும் இங்கே யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். பாலைவனத்துத் தீயைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாயிற்று.