மோகனத்தில் ஒரு பாட்டு, ஃபேமிகாம் சிப்பில்: கமகத்தின் நடுவே ‘டிக்’ ஓசை வருவது ஏன்?

கேள்வி: சதுர அலை

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக ஃபேமிட்ராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளில் ஒரு பழைய திரைப்பாடலின் சிப்ட்யூன் (பழைய வீடியோ கேம் சிப்பின் ஒலியில் அமையும் இசை) வடிவத்தை அமைத்துவருகிறேன். கூடுதல் சிப் எதையும் சேர்க்காமல், 1983இல் வெளிவந்த ஃபேமிகாம் வீடியோ கேம் கருவியின் உள்ளே இருக்கும் ரிக்கோ 2ஏ03 சிப் தருகிற இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை), ஒரு முக்கோண அலை, ஒரு நாய்ஸ் (இரைச்சல்), ஒரு டிபிசிஎம் (பதிவுசெய்த ஒலியை ஒலிப்பது) ஆகிய ஐந்து சேனல்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. முதலில் பாட்டின் மிடி கோப்பை (ஸ்வரங்களைக் கணினிக் குறிப்புகளாக வைத்திருப்பது) அப்படியே உள்ளே கொண்டுவந்து பார்த்தேன். பழைய கைபேசியின் அழைப்பொலி போல இருந்ததால் அதை அழித்துவிட்டு, காதால் கேட்டு ஒவ்வொரு வரியாக எழுதத் தொடங்கினேன்.

பாட்டு மோகன ராகத்தில், ஆறு கட்டை சுருதியில் இருக்கிறது. பல்லவியின் முடிவில் பாடகர் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தில் நின்று லேசாக அசைக்கிறார் (கமகம்). அந்த அசைவை முதல் பல்ஸ் சேனலில் வைப்ராட்டோவாக எழுதினால், ஒவ்வொரு அலைவிலும் ‘டிக் டிக்’ என்று ஓர் ஓசை சேர்ந்துவிடுகிறது. அதே அசைவைப் பஞ்சமத்தில் வைத்தால் அந்த ஓசை இல்லை. முக்கோண அலையில் எங்கே வைத்தாலும் இல்லை. ஒலிபெருக்கியையும் எமுலேட்டரையும் (பழைய கருவியைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருள்) மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

இன்னொரு சிக்கல் தாளத்தில் உள்ளது. மூலப் பாட்டில் பேஸ் கிட்டாரும் தபலாவின் இடக்கை டக்காவும் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் தாழ்ந்த ஒலி தேவை. என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு முக்கோண அலை. எதை விடுவது என்று தெரியவில்லை.

சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்த ‘டிவி கேம்’ பெட்டியின் ஒலி இப்போது எமுலேட்டரில் கேட்பதைப் போல இல்லை என்றும் எனக்கு ஓர் உணர்வு இருக்கிறது. அது வெறும் நினைவின் மயக்கமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

பதில்: நாலு பிட்

நீங்கள் தேர்ந்த சுருதிதான் காரணம். பல்ஸ் சேனலின் சுருதியைச் சிப் ஒரு 11 பிட் எண்ணாக வைத்துக்கொள்கிறது. எண் பெரிதானால் சுருதி இறங்கும். அந்த எண்ணின் கீழ் 8 பிட்டுகள் ஒரு பதிவேட்டிலும் (சிப்புக்குள் எண்ணை எழுதிவைக்கும் இடம்) மேல் 3 பிட்டுகள் வேறொரு பதிவேட்டிலும் எழுதப்படுகின்றன. மேல் பதிவேட்டில் எழுதும்போதெல்லாம் சிப் நடந்துகொண்டிருக்கும் அலையை அந்த இடத்திலேயே வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் கேட்கும் ‘டிக்’ அந்த வெட்டுதான்.

உங்கள் ஷட்ஜம் 440 ஹெர்ட்ஸ். அதற்குரிய எண் 253. எண் 255ஐத் தாண்டி 256 ஆகும்போது மேல் பிட் மாறுகிறது. அங்கே சுருதி சுமார் 435 ஹெர்ட்ஸ். அதாவது ஷட்ஜத்திலிருந்து அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள், திரும்ப ஏறும்போது இன்னொரு முறை தாண்டுகிறீர்கள். ஒரு ஸ்தாயி கீழே போனாலும் தப்ப முடியாது. அங்கே ஷட்ஜத்தின் எண் 507, அடுத்த எல்லை 512. கமகத்துக்கு இதைவிட மோசமான சுருதி இந்தச் சிப்பில் கிடைக்காது என்றே சொல்வேன். முக்கோண அலையில் இப்படி எழுதினாலும் அலை முதலுக்குத் திரும்புவதில்லை, ஆகவே அங்கே ஓசை எழவில்லை.

எளிய வழி, பாட்டு முழுவதையும் ஐந்தரைக் கட்டைக்கு இறக்கிவிடுவது. அப்போது ஷட்ஜம் 415 ஹெர்ட்ஸுக்கு வரும், எண் 268. எல்லை அதற்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையில் விழும். மோகனத்தில் சுத்த ரிஷபம் இல்லை என்பதால் அந்த இடத்தில் நீங்கள் நின்று அசைக்கப்போவதே இல்லை. ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு வழுக்கிச் செல்லும்போது மட்டும் ஒரு முறை தாண்டுவீர்கள்.

மெட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினாலும் ஓசை போய்விடும், ஏனென்றால் 437 ஹெர்ட்ஸுக்கு மேலே மேல் பிட்டுகள் மாறுவதற்கே இடமில்லை. ஆனால் மேலே போகப் போக எண்கள் சிறுத்து, அடுத்தடுத்த சுருதிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகிவிடும்; அசைவு வழுக்காமல் படிப்படியாகக் கேட்கும். சுருதியைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஸ்வீப் அலகைப் பயன்படுத்தி, அலையை வெட்டாமலே மேல் பிட்டுகளை நகர்த்தும் தந்திரமும் ஒன்று உண்டு. ஃபேமிஸ்டூடியோ என்ற இன்னொரு மென்பொருளில் அதற்கென ஒரு தெரிவே இருக்கிறது. ஆயினும் இந்த ஒரு காரணத்துக்காக மூன்று மாத வேலையை வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டாம்.

பதில்: தாளக்கட்டு

கமகத்தைப் பற்றி மேலே சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. பேஸ், டக்கா இரண்டில் எதையும் விட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. இரண்டையும் முக்கோண அலையிலேயே வைத்து நேரத்தைப் பங்கிட்டுக் கொடுங்கள்.

ட்ராக்கர் ஒரு நொடிக்கு 60 முறை சிப்புக்கு எழுதுகிறது; அந்த ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம். தாளம் விழும் இடத்தில் முதல் மூன்று அல்லது நான்கு பிரேம்களை டக்காவுக்குக் கொடுத்து, ஐந்தாவது பிரேமிலிருந்து பேஸ் ஸ்வரத்தைத் தொடருங்கள். பேஸ் தாமதமாகத் தொடங்கியதாகக் காதுக்குப் படாது. டக்கா அடிக்குக் கீழேயே அது ஒலித்துக்கொண்டிருந்தது போலத்தான் தோன்றும். சாதாரண டிரம் அடி வேண்டுமானால் அந்தச் சில பிரேம்களில் சுருதியை இரண்டு ஸ்தாயி வேகமாகக் கீழே இறக்க வேண்டும். டக்காவுக்கோ, மணிக்கட்டால் தோலை அழுத்தும்போது சுருதி மேலே ஏறுமே, அதைப் போல முதல் பிரேமில் கீழே தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். இந்த ஏற்றத்துக்கு எட்டு பிரேம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே முதல் பிரேமில் மட்டும் நாய்ஸ் சேனலில் ஒரு சிறு தட்டு வையுங்கள். விரல் தோலில் படும் ஓசையை அது தந்துவிடும். முக்கோண அலைக்கு ஒலியளவு என்பதே கிடையாது, ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். ஆகவே அடியின் கனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நாய்ஸின் பொறுப்பு.

டிபிசிஎம்மில் உண்மையான தபலா ஒலியை வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓர் ஒலி மாதிரியின் (சாம்பிள்) அளவு அதிகபட்சம் 4,081 பைட். உச்ச வேகமான சுமார் 33 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். வலக்கையின் ‘நா’ சொல்லுக்கு அது போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டிபிசிஎம் வெளியீடு உயர்ந்த அளவில் நின்றுவிட்டால் முக்கோண அலையும் நாய்ஸும் அமுங்கிக் கேட்கும். மாதிரி தாழ்ந்த அளவில் முடியுமாறு வெட்டிக்கொள்ளாவிட்டால், பேஸ் ஏன் திடீரென்று மெலிந்தது என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் தேடியிருக்கிறேன்.

பின்னணி வயலின்களுக்கு இரண்டாவது பல்ஸில் 047 ஆர்பெஜியோவை எழுதுங்கள் (0, 4, 7 அரைச்சுரத் தொலைவிலுள்ள ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஒலிப்பது). ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் நொடிக்கு 20 சுற்று சுழன்று ஒரே கோர்வையாகக் கேட்கும். பாட்டு முழுவதும் அதை ஓடவிட்டால் மட்டும் சலித்துவிடும். அது நிற்கும் இடங்களில், முதல் பல்ஸின் மெட்டையே ட்ராக்கரில் சில வரிசைகள் தாமதித்து, ஒலியளவை மூன்றில் ஒரு பங்காக்கி எழுதினால் எதிரொலி கிடைக்கும்.

பதில்: கேட்ரிட்ஜ்

கேட்ரிட்ஜுக்குள் வரும் கூடுதல் சிப்பான கோனாமியின் விஆர்சி6ஐச் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டு பல்ஸும் ஒரு ரம்ப அலையும் கிடைக்கும்; வயலினுக்கு அந்த ரம்ப அலையைப் போல வேறெதுவும் பொருந்தாது. இந்தக் கட்டுப்பாட்டை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பதில்: பழைய பெட்டி

உங்கள் நினைவு மயக்கமாக இருக்க வேண்டியதில்லை. 90களில் நம் ஊரில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். அத்தகைய பல நகல் சிப்புகளில் பல்ஸ் சேனலின் 25 சதவீத டியூட்டியும் (ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு) 50 சதவீத டியூட்டியும் இடம் மாறியிருந்தன. மூலக் கருவியில் மெலிந்து கூர்மையாக ஒலிக்க வேண்டிய மெட்டு அந்தப் பெட்டிகளில் குழல் போல உருண்டு ஒலிக்கும். உருண்டு ஒலிக்க வேண்டியது கூர்மையாகும். நம் தொலைக்காட்சிகளுக்கு ஏற்ப நொடிக்கு 50 பிரேம் ஓடிய பெட்டிகளில், 60 பிரேமுக்கு எழுதிய பாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நடக்கும். அந்த ஒலியே வேண்டுமென்றால் கருவிகளில் டியூட்டி எண் 1 இருக்கும் இடத்தில் 2ஐயும், 2 இருக்கும் இடத்தில் 1ஐயும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

சதுர அலை

அனைவருக்கும் நன்றி. ஐந்தரைக் கட்டைக்கு இறக்கியதும் ஷட்ஜத்தில் இருந்த ஓசை முற்றிலும் மறைந்துவிட்டது. சரணத்தில் ரிஷபத்துக்கு வழுக்கும் ஓரிடத்தில் மட்டும் ஒரு ‘டிக்’ மிஞ்சியிருந்தது. மெட்டைக் கால் அட்சரம் தள்ளி, அது நாய்ஸ் தட்டு விழும் பிரேமிலேயே வருமாறு செய்துவிட்டேன், இப்போது இருப்பதே தெரியவில்லை. டக்காவுக்கு எட்டு பிரேம் கொடுத்தபோது பேஸ் திணறியது. ஆறு பிரேம் சரியாக இருக்கிறது. டியூட்டி எண்களை மாற்றிப் போட்டுக் கேட்டதில், எங்கள் வீட்டுப் பெட்டியின் ஒலி அதுவேதான். விஆர்சி6ஐ அடுத்த பாட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.