சுங்கை சிப்புட் சொந்தங்கள்

அண்ணி: காது டாக்டர் பாப்பாவுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கூடவே கிட்னிக்கும் ஸ்கேனாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பெரியப்பா: காது கேட்கவில்லை என்று போனால் கிட்னியை ஏன் பார்க்கிறார்கள்? பிள்ளையை அலைய விடாதீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து கிளினிக்கில் எண்ணெய் சொட்டு விடுவார்கள், அவ்வளவுதான்.

நான்: பெரியப்பா, எண்ணெய் மட்டும் வேண்டாம். இது அழுக்கு அடைத்து வந்ததில்லை. அண்ணி, காதுக்கு முன்னால் ஊசி குத்தியது போல இருக்கும் குழியையும், கழுத்தில் நீர் கசிகிற இடத்தையும் டாக்டர் பார்த்தாரா?

அண்ணி: டார்ச் அடித்துப் பார்த்தார். தாளில் ஏதோ நீளமான பெயர்.

நான்: பிராங்கியோ ஓட்டோ ரீனல் சிண்ட்ரோம். சந்தேகம்தான், இன்னும் முடிவாகவில்லை. கருவில் காது, கழுத்து, சிறுநீரகம் மூன்றும் உருவாக பொதுவான சில மரபணுக்கள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றில் கோளாறு என்றால் மூன்றிலும் தெரியலாம். ஒரு சிறுநீரகம் சிறியதாக இருந்தாலும், இல்லாமலே இருந்தாலும் பிள்ளையைப் பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் அல்ட்ராசவுண்ட். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

சின்ன மாமா: என் மகனுக்கும் காதோரம் குழி உண்டே?

நான்: குழி மட்டும் இருக்கிற பலருக்கு ஒன்றுமே இராது மாமா. பாப்பாவுக்கு கேட்கும் திறன் குறைவும் கழுத்துக் கசிவும் சேர்ந்து இருப்பதால்தான் தேடுகிறார்கள்.

அண்ணி: சி.டி.யில் என்ன தெரியும்?

நான்: உள்காதில் காக்ளியா நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும். இந்த சிண்ட்ரோமில் பலருக்கு மேல்சுற்றுகள் சிறுத்து, அடிச்சுற்றை விட்டு முன்பக்கமாக விலகி நிற்கும். பழகிய கண்ணுக்கு அந்தப் படம் தனியாகத் தெரியும். நடுக்காதின் குட்டி எலும்புகளும் சி.டி.யில்தான் தெளிவு. காது நரம்பைப் பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். அது நேரமெடுக்கும், பாப்பா அசையாமல் இருக்கத் தூக்க மருந்து தேவைப்படலாம்.

அண்ணன்: எனக்கும் இடது காதோரம் அதே குழி இருக்கிறது.

நான்: அப்படியானால் நீங்களும் காது, கிட்னி இரண்டையும் பாருங்கள் அண்ணா. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அண்ணி: ரிப்போர்ட் வந்த பிறகு காதுக் கருவி வாங்கினால் போதுமா?

நான்: வேண்டாம் அண்ணி, காத்திருக்கவே கூடாது. பேச்சு வரும் வயது இது. ஸ்கேன் காரணத்தைச் சொல்லும், கருவிதான் சத்தத்தைக் கொடுக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

பெரியப்பா: சரிம்மா. செவ்வாய்க்கிழமை ஈப்போவுக்கு நானே காரை எடுக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இருங்கள்.

நான்: கேட்புச் சோதனைத் தாளை மறக்காமல் கொண்டு போங்கள் அண்ணி.